தில்லிக் குளிருக்குக் கம்பளிக் காலுறை: பின்னலும் பிழைதிருத்தமும்

கால் அளவை மாலையில்தான் எடுக்க வேண்டும். வயதானவர்களின் பாதம் பகல் முழுவதும் தொங்கவிட்டும் நின்றும் இருந்துவிட்டு மாலையில் சற்றே வீங்கியிருக்கும். காலையில் அளந்து பின்னிய காலுறை அந்தி சாய்வதற்குள் கணுக்காலுக்கு மேலே சிவப்பாகத் தடம் பதித்துவிடும். குளிர்காலத்தை எங்களுடன் கழிப்பதற்காக மயிலாடுதுறையிலிருந்து தில்லி ஆர்.கே. புரத்துக்கு வந்திருந்த அம்மாவுக்கு இதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. தில்லி நடைபாதைகளில் குவித்து விற்கும், கட்டைவிரல் தனியாகப் பிரிந்த அக்ரிலிக் காலுறைகளைப் போட்டுக்கொண்டால், கழற்றும்போது "கால்ல கயிறு கட்டின மாதிரி இருக்குடி" என்பார். போடாவிட்டாலோ, ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கும் ஊரில், மொசைக் தரை காலைச் சுடுவதுபோல் குளிரும். எனவே கம்பளி நூலில், இறுக்கும் எலாஸ்டிக் இல்லாமல், பின்னலின் நெகிழ்ச்சியை மட்டுமே நம்பி ஒரு ஜோடி பின்னுவது என்று முடிவாயிற்று.

விரல்களுக்குக் கீழே பாதம் மிக அகன்றிருக்கும் இடத்தில் சுற்றளவு 22 செ.மீ.; குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை நீளம் 23 செ.மீ. காலுறை பாதத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சிறியதாக இருந்தால்தான் அது சுருக்கம் விழாமல் பிடித்து நிற்கும் என்பதால், பின்ன வேண்டிய சுற்றளவு 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தில்லிக் கடைகளில் 'ஊல்' என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது ஸ்வெட்டருக்கும் குழந்தைக் குல்லாவுக்கும் போதும், காலுறைக்குப் போதாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது, அக்ரிலிக்கோ வியர்வையைக் காலிலேயே விட்டுவிடும். தூய கம்பளி மட்டும் இருந்தாலும் குதிகால் விரைவில் தேய்ந்து ஓட்டையாகும். 75 விழுக்காடு கம்பளியும் 25 விழுக்காடு நைலானும் கலந்து, 100 கிராமில் ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும் மெல்லிய நூல்தான் காலுறைக்கென்று வழங்குவது. உறைச்சீட்டு கிழிந்த நூலுண்டை கிடைத்தால், ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பார்க்கலாம்: கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும், அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாகிவிடும்.

ஊசி வாங்கும்போது எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்களே புழங்குகின்றன; எண் கூடக்கூட ஊசி மெலியும். 12ஆம் எண் 2.75 மி.மீ., 13ஆம் எண் 2.25 மி.மீ., 14ஆம் எண் 2 மி.மீ. என் கை சற்று இறுக்கமானது என்பதால் 2.5 மி.மீ. என்று மில்லிமீட்டரில் குறித்த, இரண்டு முனையும் கூரான ஐந்து ஊசிகள் கொண்ட தொகுதியை எடுத்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டிய, போனி என்ற பெயரில் விற்கும் ஊசிகள் நீலகிரியில் உதகைக்கு அருகே கேத்தியில் இருக்கும் ஆலையின் சரக்கு. அதை அம்மாவிடம் சொன்னபோது நூலைப் பற்றி இருந்த சந்தேகமெல்லாம் ஊசியைப் பற்றி அவருக்கு எழவே இல்லை.

மாதிரித் துண்டு பின்னாமல் காலுறையைத் தொடங்கக் கூடாது. அதையும் தட்டையாகப் பின்னாமல் சுற்றாகவே பின்னிப் பார்க்க வேண்டும். தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை ஸீதாவும் (வழுவழுப்பாகத் தெரியும் நேர்ப்பின்னல்) அடுத்த வரிசை உல்டாவுமாக (மேடாகத் தெரியும் மறுபின்னல்) மாறி மாறி வரும். பெரும்பாலோருக்கு உல்டா வரிசை சற்றுத் தளர்ந்து விழும். காலுறையின் பெரும்பகுதி சுற்றாகப் பின்னப்படுவதால் அதில் உல்டா வரிசையே இராது, கணக்கு மாறிவிடும். எனக்குச் சுற்றில் 10 செ.மீ.க்கு 32 கண்ணிகளும் 44 சுற்றுகளும் வந்தன. 20 செ.மீ. சுற்றளவுக்கு 64 கண்ணிகள்: நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாக இருக்க, ஐந்தாவது ஊசியால் பின்ன வேண்டும்.

மேல்விளிம்பு இறுகாமல் இருக்க இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணி போடச் சொல்வார்கள். அதனால் கண்ணி உயரமாகிறதே தவிர, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே உள்ள நூலின் நீளம் கூடுவதில்லை. விளிம்பு விரிவது அந்த இடைநூலால்தான். ஒற்றை ஊசியிலேயே, ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ஊசியின் தடிப்பளவு இடம் விட்டுப் போடுவதே எனக்குப் பயன்பட்டது. 64 கண்ணிகளையும் உடனே வட்டமாக இணைக்காமல், முதலில் இரண்டு வரிசை தட்டையாகப் பின்னிவிட்டு இணைத்தால், சங்கிலி முறுக்கிக்கொண்டு இணைந்துபோகும் ஆபத்து ஏறக்குறைய இல்லாமலாகும். முறுக்கோடு இணைந்துவிட்டால், முதல் சுற்று முடிவதற்குள் தெரிந்தால் அந்த முறுக்கை இணைப்பு இடத்தில் ஊசிக்கு மேலே புரட்டிச் சரிசெய்யலாம். அதைத் தாண்டிப் பல சுற்று போய்விட்டால் முழுக்கப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. தட்டையாகப் பின்னிய இரண்டு வரிசைகளால் விளிம்பில் ஏற்படும் சிறு பிளவைத் தொடக்க நூலின் வாலாலேயே தைத்து மூடலாம்.

கணுக்காலுக்கு மேலே 12 செ.மீ. முழுவதும் இரண்டு ஸீதா, இரண்டு உல்டா. வீங்கும் காலுக்கு இந்த நெகிழ்ச்சி வேண்டும். இந்தப் பகுதியில்தான் முதல் பிழை தென்பட்டது: ஓர் உல்டா நிரையில், ஊசியிலிருந்து 12 சுற்று கீழே, ஒற்றை ஸீதா கண்ணி துருத்திக்கொண்டு நின்றது.

இங்கே நிதானம் வேண்டும். பிழையைக் கண்டதும் ஊசியை உருவிப் பிரிக்கத் தொடங்குவது, பின்னத் தெரிந்தவர்களிடமும் காணப்படும் அவசரம். பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பிழையைக் கால் உணருமா, அல்லது அதிலிருந்து நூல் கழன்று ஓடுமா என்பதுதான். இரண்டும் இல்லையென்றால் அது கண்ணுக்கு மட்டுமே பிழை, அதையும் பின்னியவரின் கண்ணுக்கு மட்டுமே. இந்த ஒற்றை ஸீதா அந்த வகையைச் சேர்ந்தது என்றாலும், சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதால் திருத்தினேன். அந்தக் கண்ணிக்கு நேர்மேலே வரும்வரை பின்னிச் சென்று, ஊசியிலிருந்து அந்த ஒரு கண்ணியை மட்டும் நழுவவிட்டு, பிழைக்குக் கீழேவரை ஏணிபோல் அவிழவிட வேண்டும். குறுக்கே 12 நூல்படிகள் தெரியும். பின்னலின் உட்புறத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டால் உல்டா நிரை ஸீதாவாகத் தோன்றும். பின்னல் ஊசியைவிட மெல்லிய குரோஷா கொக்கியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து நுழைத்து, அதற்கு நேர்பின்னால் இருக்கும் கீழ்ப்படியைப் பிடித்து இழுத்து, பிறகு அடுத்த படி, அடுத்த படி என்று வரிசை தவறாமல் மேலேறி, கடைசியில் கண்ணியை ஊசியில் ஏற்றிவிடலாம். ஒரு படியை விட்டுவிட்டால் உட்புறத்தில் அது தளர்ந்து தொங்கி மெட்டியிலோ நகத்திலோ மாட்டும் என்பதால், மேலேறியபின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஊசிகள் சந்திக்கும் நான்கு இடங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு தளர்ந்த கோடு விழுவது தொடக்கக்காரர்களை மிகவும் வருத்தும் விஷயம். புதிய ஊசியின் முதல் கண்ணியைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இறுக்க வேண்டியது இரண்டாவது கண்ணியை. முதல் கண்ணி இறுகுவது அதற்கு அடுத்ததைப் பின்னும்போதுதான். அதோடு, சில சுற்றுகளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கண்ணிகளைப் பக்கத்து ஊசிக்கு மாற்றிக்கொண்டே போனால் கோடு ஒரே இடத்தில் விழாது. மிச்சமிருப்பதைத் துவைப்பு பார்த்துக்கொள்ளும்.

குதிகால் பட்டை 64இல் பாதியான 32 கண்ணிகளில், 32 வரிசைகள், தட்டையாகப் பின்னப்படுகிறது. மேல்பக்க வரிசைகளில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி அடுத்ததைப் பின்னுவது என்று மாறி மாறிச் செல்ல வேண்டும். நகர்த்தும்போது நூல் பின்புறம் ஓடுவதால் பட்டை இரட்டைத் தடிப்பாகும். இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மொட்டைமாடி வெயிலில் அமர்ந்து ஆசையாகச் சில வரிசைகளைப் பின்னிக் கொடுத்தார். அவர் கைபட்ட இடத்தில் கண்ணிகள் ஒவ்வொன்றும் காலைக் குறுக்காகப் போட்டு அமர்ந்ததுபோல் முறுக்கிக்கொண்டன. உல்டாவுக்கு நூலை ஊசியின் மேல் எதிர்த்திசையில் சுற்றுவது அவர் பழக்கம்; அப்படிச் சுற்றினால் அடுத்த வரிசையில் கண்ணியின் பின்பாதியில் ஊசியை நுழைக்க வேண்டும், முன்பாதியில் நுழைத்தால் முறுக்கு விழும். சுற்றாகப் பின்னும் பகுதியில் உல்டா வரிசை இல்லாததால் இது வெளியே தெரியவே தெரியாது. தட்டையாகப் பின்னும் குதிகாலில்தான் புலப்படும். முறுக்கிய கண்ணி நூலை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, குதிகாலுக்குக் கெடுதல் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

குதிகால் திருப்பம் எழுத்தில் படித்தால் மந்திரம்போல் தோன்றும், கையில் எடுத்தால் எளிது. முதல் கண்ணியை நகர்த்தி, 16 ஸீதா, இரண்டை இடப்பக்கம் சாய்த்து ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னித் திரும்ப வேண்டும். மறுபக்கம் ஒன்றை நகர்த்தி, 3 உல்டா, இரண்டை ஒன்றாக்கி, இன்னும் ஓர் உல்டா பின்னித் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு எண்ணவே தேவையில்லை: திரும்பிய இடத்தில் ஒரு சிறு இடைவெளி தெரியும், அதற்கு முந்தைய கண்ணியையும் பிந்தைய கண்ணியையும் சேர்த்து ஒன்றாக்கி, மேலும் ஒன்று பின்னித் திரும்பிக்கொண்டே போக வேண்டியதுதான். இருபுறமும் எல்லாக் கண்ணிகளும் தீர்ந்ததும் 18 எஞ்சினால் கணக்குச் சரி. 17 என்றோ 19 என்றோ வந்தால் எங்கோ ஓர் இடைவெளி கவனிக்கப்படாமல் போயிருக்கிறது. குதிகால் கிண்ணம் கோணலாகி, நடக்கும்போது காலுறை பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருக்கும். இதைப் பிரித்தே ஆக வேண்டும். சிறிய பகுதிதான்.

பட்டையின் இரு ஓரங்களிலும் சங்கிலிபோல் பதினாறு பதினாறு கண்ணிகள் நிற்கும். அவற்றை எடுக்கும்போது சங்கிலியின் இரு இழைகளுக்கும் அடியில் ஊசியை விட வேண்டும். பட்டையும் புறங்காலும் சந்திக்கும் மூலையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓட்டை விழும். அங்கே இருக்கும் இடைநூலை முறுக்கி ஒரு கண்ணியாக்கி ஏற்றி, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் மூடிக்கொள்ளும். இப்போது 18, இரு ஓரமும் 32, புறங்கால் 32 என்று மொத்தம் 82. ஒன்றுவிட்ட சுற்றில் பக்கத்துக்கு ஒன்றாக ஒன்பது முறை குறைத்தால் மீண்டும் 64. புறங்காலுக்கு முன்னால் வரும் குறைப்பு வலப்பக்கம் சாய வேண்டும், தாண்டி வருவது இடப்பக்கம் சாய வேண்டும். வலது காலுறையில் சில சுற்றுகளில் இந்தச் சாய்வு இடம்மாறிவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தது, ஓட்டையும் இல்லை, கோடு மட்டும் சற்று ரம்பப் பல்லாகத் தெரிந்தது. இது கண்ணுக்கு மட்டுமான பிழை, தொடவில்லை.

குறைப்பு முடிந்த இடத்தில், பின்னலோடு ஒட்டாத வழுவழுப்பான பருத்தி நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, ஊசிகளில் இருந்த 64 கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி விட்டிருந்தேன். இந்தக் காப்பு நூலின் அருமை உள்ளங்கால் பகுதியில் தெரிந்தது. எண்ணிப் பார்த்தபோது கண்ணிகள் 63தான் இருந்தன; ஆறு சுற்றுக்குக் கீழே, சரியாக உள்ளங்காலின் நடுவில், நழுவிய ஒரு கண்ணி கீழே ஓடாமல் கம்பளியின் பிடியில் நின்றுகொண்டிருந்தது. உடனே அதில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டேன். இதையும் கொக்கியால் மேலேற்றலாமே என்று தோன்றும். ஆனால் இது முன் சொன்ன ஏணி அல்ல: கண்ணி நழுவியபின் அதன்மேல் ஆறு சுற்றும் 63 கண்ணிகளுக்கான நூலில்தான் பின்னப்பட்டிருக்கின்றன, 64ஆவது நிரைக்கென்று அங்கே நூலே இல்லை. பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து பிடுங்கித்தான் ஏற்ற முடியும். கணுக்காலுக்கு மேலே என்றால் அப்படி ஏற்றி, சுற்றியுள்ள கண்ணிகளை ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சமப்படுத்தினாலே போதும். உள்ளங்காலில் அந்த இறுக்கம் மிதிக்கும்போதெல்லாம் உறுத்தும். உட்புறத்தில் ஒரு துண்டு நூலால் முடிந்துவிடுவது அதைவிட மோசம். எனவே காப்பு நூல்வரை பிரித்தேன். நூலுக்குள் நின்ற கண்ணிகளை ஊசியில் ஏற்றும்போது ஒவ்வொன்றின் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் முறுக்கு விழாது. பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தாலும் சில சுற்றுகளுக்கு அது பொருட்டில்லை.

அடுத்தது மெட்டி. ஆங்கிலப் பின்னல் குறிப்புகளில் இதற்கு வழி இராது. இரண்டாம் விரலில் கிடக்கும் வெள்ளி வளையம் காலுறையின் உட்புறத்தை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். வளையத்தின் வாய் சற்றுத் திறந்திருந்தால் நூலையும் இழுக்கும். மெட்டியைக் கழற்றச் சொல்வது நடவாது. விரல்நுனிப் பகுதி தொடங்குவதற்கு 2 செ.மீ. முன்பிருந்தே, நிறம் ஒத்த மெல்லிய நைலான் நூலையும் கம்பளியோடு சேர்த்து இரட்டையாகப் பின்னினேன். அப்படியும் எங்காவது நூல் இழுபட்டு வளையமாக வெளியே வந்தால் வெட்டக் கூடாது. வெட்டினால் இரு பக்கமும் கண்ணி ஓடும். மழுங்கிய ஊசியால், இழுபட்ட நூலை அதே வரிசையின் இருபுறக் கண்ணிகளுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுவிட்டால் மறைந்துவிடும்.

காலுறையின் மொத்த நீளம் பாதத்தைவிட ஒன்றரை செ.மீ. குறைவாக, 21.5 செ.மீ. இருந்தால் போதும். விரல்நுனிக்கு 20 சுற்று, அதாவது நாலரை செ.மீ. ஆகும் என்பதால், குதிகாலின் பின்முனையிலிருந்து 17 செ.மீ. வந்ததும் குறைக்கத் தொடங்கினேன். ஒன்றுவிட்ட சுற்றில் நான்கு நான்காகக் குறைத்து 64ஐ 32 ஆக்கி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16 ஆக்கி, முன்னால் எட்டும் பின்னால் எட்டுமாக நிறுத்த வேண்டும். இவற்றைத் தையல் ஊசியால் இணைக்கும் முறைக்குப் பின்னல் புத்தகங்களில் கிச்சனர் என்று பெயர். தொடக்கமாக, முன் ஊசியின் முதல் கண்ணியில் உல்டாபோலவும் பின் ஊசியின் முதல் கண்ணியில் ஸீதாபோலவும் நூலை விட்டு, இரண்டையும் ஊசியிலேயே விட்டுவைக்க வேண்டும். அதற்குப் பிறகு முன் ஊசியில் ஸீதாபோல் நுழைத்துக் கண்ணியைக் கழற்று, அடுத்ததில் உல்டாபோல் நுழைத்து ஊசியிலேயே விட்டுவை. பின் ஊசியில் உல்டாபோல் நுழைத்துக் கழற்று, அடுத்ததில் ஸீதாபோல் நுழைத்து ஊசியிலேயே விட்டுவை. இது முடியும்வரை வாயிற்கதவைத் திறக்காமல் இருப்பது உத்தமம். நடுவில் எழுந்து போனால் எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்து, நுனியில் ஒரு மேடு விழும். மேடு விழுந்தால் விரல்நுனியில் கட்டாயம் உறுத்தும். ஆனால் நூல் இன்னும் வெட்டப்படாமல் வாலாகவே இருப்பதால், தையலைப் பின்னோக்கி உருவி அந்த இடத்திலிருந்து மறுபடி தைக்கலாம்.

வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் உருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாகப் போட்டேன். பனிமூட்டம் கவிந்த தில்லியில் காய்வதற்குப் பொறுமை வேண்டும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று உறைச்சீட்டில் போட்டிராத கம்பளியை இயந்திரத்தில் இட்டால் சுருங்கிக் கெட்டித்துவிடும். காய்ந்தபின் பார்த்தால் ஊசிச் சந்திப்புக் கோடுகள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. ரம்பப் பல்லையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மொசைக் தரையில் கம்பளி வழுக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. விழுந்தால் இடுப்பெலும்பு. சந்தையில் மரத்தடியில் அமர்ந்திருக்கும், மோச்சி எனப்படும் செருப்புத் தைப்பவரிடம் மெல்லிய தோல் துணுக்குகள் வாங்கி, ஓரம் சுற்றிலும் துளையிட்டு வாங்கி, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்கும்படி குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் ஓட்டுத்தையல் போட்டேன். நனைந்தால் தோல் விறைக்கும், ஆகவே துவைப்பதற்கு முன் எளிதில் பிரித்தெடுக்கக்கூடிய தையலாக இருப்பது அவசியம்.

தேய்மானத்தை ஓட்டையாகும்வரை விடாமல், வெளிச்சத்தில் பிடித்தால் நூல் மெலிந்து தெரியும் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும். அப்போது, தேய்ந்த கண்ணிகளின் வழியையே பின்பற்றி அவற்றின் மேல் ஊசியால் புதுநூலை ஓட்டினால் உட்புறத்தில் தனி மேடு விழாது. ஓட்டை விழுந்துவிட்டால் ரஃபுதான்: சிறிய சொம்பு ஒன்றைக் காலுறைக்குள் விட்டு, அதன் உருண்டையான அடிப்பாகம் ஓட்டைக்கு நேரே வரும்படி துணியைப் பரப்பி, ஓட்டையைச் சுற்றி ஒரு செ.மீ. நல்ல பின்னலிலிருந்து தொடங்கி நெடுக்காக நூலோட்டி, பிறகு குறுக்காக ஒன்று மேல் ஒன்று கீழ் என்று நெய்ய வேண்டும். இழுத்துக் கட்டினால் சுருங்கும். இதற்கான மிச்ச நூலைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல், ஒரு சிறு கண்டாகச் சுற்றி, காலுறையைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் கூடவே துவைத்து வைக்கிறேன்; காலுறை வெளுக்கும் அளவுக்கு அதுவும் வெளுத்தால்தான் ஒட்டு தெரியாது.